கேட் இல்லாத கம்பெனி

கணபதியில் உள்ள விஜயதாரா பம்ப்ஸ் நிறுவனம் தன்னுடைய கடிதப் பிரிவை வீட்டுக்கு அனுப்பியது தொண்ணூற்றேழாம் வருடம் ஆனி மாதத்தில். வேலையை விட்டு அனுப்பவில்லை, வேலையோடு அனுப்பியது. முதலாளி நரசிம்மலுவின் மகன் ரவிதேஜா அமெரிக்காவில் நிர்வாகப் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே பெரிய கம்பெனிகளில் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார்கள் என்றும், இன்னும் கொஞ்ச காலத்தில் ஆபீஸ் என்ற ஒன்றே உலகத்தில் இருக்காது என்றும் அவர் சொன்னார். கடிதப் பிரிவு இருந்த கூடத்தைத் தடுத்து ஏ.சி. வைத்து அவருக்கு ஓர் ஆபீஸ் கட்ட வேண்டியிருந்ததும் உண்மைதான். இரண்டு காரணங்களும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாமல் ஒத்துப்போயின.

கடிதப் பிரிவில் இருந்தவர்கள் ஒரு டஜன் பேர். கம்பெனியின் பம்ப்செட்டுகளை வாங்கிய விவசாயிகள் கார்டிலும் இன்லாண்டிலும் எழுதிக் கேட்பதற்குப் பதில் எழுதுவது அவர்கள் வேலை. மோட்டார் காயில் புகைந்துவிட்டது, தண்ணீர் பாதிதான் ஏறுகிறது, ஏஜெண்ட் கடையைப் பூட்டிவிட்டுச் சபரிமலைக்குப் போய்விட்டான் என்று விதவிதமாக வரும். எதற்கு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், எதற்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சாராள் அதைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போங்கள் என்ற உத்தரவு வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாராள் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றிக் காணிக்கை போட்டாள். அவளுடைய கணவர் தாமஸ் சரக்கு ரயிலில் கொடி காட்டும் கார்டு. மதுக்கரையில் சிமெண்ட் வேகன்கள் ஏற்றிக்கொண்டிருந்தபோது மழையில் படி வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டு. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார். கட்டின் கனத்தில் இடது பக்கம் திரும்ப முடியாது. அதனால் வலது பக்கம் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுத்தான் சாராள் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறிக் கணபதிக்குப் போவதற்குள் செம்பைச் சரியாக வைத்தோமா என்று பலமுறை நினைத்துப் பார்ப்பாள். இனி அந்த நினைப்பு வேண்டியதில்லை. அவர் எழுந்து நடக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே ஜெபம்.

கம்பெனி எல்லார் வீட்டுக்கும் ஒரு டெலிபோன் வைத்துக் கொடுத்தது. குவார்ட்டர்ஸில் பலர் வருடக்கணக்காக எழுதிக் காத்திருந்த டெலிபோன், முதலாளி ஒரு வார்த்தை சொன்னதும் ஒரே வாரத்தில் வந்தது. ஒயரை ஜன்னல் வழியாக இழுத்த லைன்மேன், அதற்குமேல் எட்டாது என்று தாமஸின் முக்காலியிலேயே போனை வைத்துவிட்டுப் போனார். செம்புக்கும் போனுக்கும் இடம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை வேன் வந்து ஒரு கட்டுக் கடிதம் கொடுக்கும். போன வாரத்துப் பதில்களை எடுத்துக்கொண்டு போகும். பஸ் இல்லை, பக்கத்து மேஜைக்காரரின் மச்சினி கல்யாணக் கதை இல்லை. சாராள் கஞ்சி வைத்துக் கொடுத்து, கட்டிலுக்கு எதிரே மேஜையைப் போட்டு உட்கார்ந்தால் வேலை தண்ணீராக ஓடியது. முன்னைவிட இருமடங்கு கடிதங்களுக்குப் பதில் போயிற்று. மற்றவர்கள் வீட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஆடி பிறந்ததும் ரவிதேஜா எல்லாரையும் கணபதிக்கு அழைத்து ஒரு கூட்டம் போட்டார். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து சாராள் இஸ்திரி போட்ட சேலையில் போயிருந்தாள்.

"நான் எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் குடுக்கறேன்," என்று ரவிதேஜா ஆரம்பித்தார். "எட்டு மணி நேர வேலையை நீங்க நாலு மணி நேரத்துல முடிக்கறீங்க. சந்தோஷம். மீதி நாலு மணி நேரம் ஆருது? என்னுது. என்னோட நாலு மணி நேரத்தை வெச்சுட்டு நீங்க ஊட்ல என்ன பண்றீங்க? அமெரிக்காவுல ரெண்டு வருஷம் நான் ஒரு வேலையும் செய்யாம இதை மட்டுந்தான் படிச்சேன். டைமோட அருமை எனக்குத் தெரியும்."

மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் நரசிம்மலு, வருகிற கடுதாசிக்கெல்லாம் பதில் போகிறதல்லவா என்று கேட்டார்.

"போகுதுங்கப்பா. அதுதான் சந்தேகமா இருக்குது," என்றார் மகன்.

அன்றைக்கே நேரக் காப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவராக அரங்கசாமி என்பவரை அறிமுகப்படுத்தினார்கள். பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் வாழ்நாள் முழுக்க டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதி அடங்குவதற்குள் கேட்டைத் தாண்டாத ஆளை, அது தன் சொந்த மருமகனாக இருந்தாலும், திருப்பி அனுப்பியவர் என்று அவருக்குப் பெயர். மருமகன் பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை என்பதையும் பெருமையாகவே சொன்னார்கள்.

அரங்கசாமி எழுந்து, சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசினார். "கேட் இருந்தா டைம் கீப்பர் இருப்பான். கேட்டே இல்லாத கம்பெனிக்கு என்னைக் கூப்புட்டிருக்காங்க. நான் ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப்போட்டு ஒரு முடிவுக்கு வந்தனுங்க. உங்க ஒவ்வொருத்தர் ஊட்லயும் ஒரு கேட் இருக்கறதா நெனச்சுக்கோணும். நானும் நெனச்சுக்கறேன். அந்தக் கேட்டைத் தாண்டி நீங்க சமையக்கட்டுக்குப் போனாலும் சரி, கொல்லைக்குப் போனாலும் சரி, எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போட்டுப் போங்க. திரும்பி வந்து உக்காந்ததும் ஒரு போன். மத்தபடி நீங்க சுதந்திரமா இருக்கலாமுங்க."

சாராளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கொல்லைக்குப் போகிற அவசரத்தில் போன் எங்கேஜ்டாக இருந்தால் என்ன செய்வது என்று. கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

முதலில் வந்தது சங்கு. வேலை தொடங்குவதற்குச் சங்கு ஊத வேண்டும். வீட்டில் இருப்பவருக்குக் கணபதிச் சங்கு கேட்காது. ஆகவே ஃபாக்டரியில் சங்குக் கம்பத்துக்கு அடியில் ஒரு போன் வைத்தார்கள். காலையில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு, ரிசீவரை உயரத் தூக்கிப் பிடித்து, சங்கை ஊதினார்கள். ஒரு போனில் ஒருவருக்குத்தான் ஊத முடியும். எனவே பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு தரம். சுற்றிலும் இருந்த பட்டறைக்காரர்கள் அந்தச் சங்கை வைத்துத்தான் பொழுது அறிந்தார்கள். இரண்டாவது சங்குக்கு லேத்தை ஓட்டினார்கள், மூன்றாவதற்கு டீ குடிக்கப் போனார்கள், ஆறாவதற்குச் சோற்றுப் போசியைத் திறந்தார்கள், கடைசிச் சங்குக்குக் கைகழுவி வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்போது வெயில்கூட ஏறியிருக்கவில்லை.

பட்டறைக்காரர்கள் கூடி வந்து சத்தம் போட்ட பிறகு சங்கைக் கேசட்டில் பதிந்து போட ஏற்பாடாயிற்று. கேசட்டின் மறுபக்கத்தில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த நாதஸ்வரம் இருந்தது. ஒருநாள் பக்கம் மாறிப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சங்கு வரும் வரும் என்று கெட்டிமேளம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பன்னிரண்டு பேர் கணக்கிலும் வீண் நேரமாக ஏறியது.

அடுத்து வந்தது பரிசோதனை அழைப்பு. அரை மணிக்கு ஒருமுறை பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள். ஆள் மேஜையில் இருக்கிறாரா என்று கேட்டு, கட்டத்தில் குறித்துக்கொண்டு, வைத்துவிட வேண்டும். அரை நிமிட வேலை என்று ரவிதேஜா அமெரிக்கக் கணக்குப்படி சொல்லியிருந்தார்.

கூப்பிடும் வேலைக்கு அமர்ந்தவள் அம்புஜம் என்ற கணபதிக்காரப் பெண். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள். மற்றவர் வீட்டுக்குப் போன் செய்து, எடுத்த எடுப்பிலேயே நீங்கள் வேலை செய்கிறீர்களா இல்லையா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஏனுங்க்கா, சௌக்கியமுங்களா? அண்ணனுக்குக் கால் எப்படி இருக்குதுங்க?" என்று ஆரம்பிப்பாள். காலைப் பற்றி முழுதாகக் கேட்டுக்கொள்வாள். போத்தனூரில் மழையா என்று கேட்பாள். கணபதியில் தூறலோடு நின்றுவிட்டது என்பாள். என்ன குழம்பு என்று கேட்டு, அவரைக்காய்க்குக் கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்பாள். அவள் கேட்டதற்கு இவள் திருப்பிக் கேட்காமல் இருக்க முடியாது. அம்புஜத்தின் அம்மாவுக்கு மூட்டுவலி. எல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, "அப்பறமுங்க்கா… தப்பா எடுத்துக்காதீங்க… மேஜையிலதானே இருக்கீங்க?" என்பாள். சாராள் ஆமாம் என்பாள். வைத்துவிட்டு, விட்ட வரியைக் கண்டுபிடித்துப் பேனாவைத் திறப்பதற்குள் அடுத்த அரை மணி வந்துவிடும்.

கொஞ்சம் சுருக்கமாகக் கேட்கக்கூடாதா என்று சாராளே ஒருநாள் கேட்டாள். "அதெப்படீங்க்கா மொட்டையாக் கேக்கறது? சந்தேகப்படற மாதிரி ஆயிருமில்லீங்க," என்று அம்புஜம் வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தை ஆற்றவும் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்படி ஓர் ஆள் பேசினால் பன்னிரண்டு பேரைச் சுற்றி வர முடியாது. ஆகவே இன்னும் ஆட்களைச் சேர்த்தார்கள். எல்லாரும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்களாகவே வாய்த்தார்கள். அவர்கள் சரியாகக் கூப்பிடுகிறார்களா என்று பார்க்க இருவர். அந்த இருவரின் வரவு குறிக்க ஒருவர். ஆவணி தொடங்கும்போது கடிதம் எழுதுகிறவர்களைவிட அவர்கள் நேரத்தைக் காப்பவர்கள் அதிகமாகிவிட, பம்ப் அடுக்கும் ஸ்டோர் ரூமைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். பம்ப்கள் மழையில் நின்றன.

கடிதக் கட்டு வாராவாரம் மிஞ்சத் தொடங்கியது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து பொன்னாத்தாள் என்ற அம்மாள் யாரிடமோ சொல்லி எழுதவைத்த கார்டு அதில் இருந்தது. 'மோட்டார் ஓடுதுங்க. சத்தமெல்லாம் நல்லாத்தான் வருதுங்க. தண்ணிதான் வர்லீங்க. வாழை வாடுதுங்க.' சாராள் அதைப் படித்துவிட்டு, கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும் என்று பேனாவைத் திறந்தாள். போன் அடித்தது.

கை நீட்டி எடுத்தவர் தாமஸ். போன் அவர் தலைமாட்டில்தான் இருந்தது. வெகுநாளாகக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு யாரோடாவது பேசினால் தேவலை என்றும் இருந்தது. சாராளை எழுதச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, தாமஸ்தான் பேசுவதாகச் சொன்னார். அம்புஜம் முதலில் தயங்கினாள். எடுத்தவரிடம் காலைப் பற்றிக் கேட்காமல் வைப்பது மரியாதையில்லை என்று கேட்டாள். கால் அவருடையதே ஆனதால் விவரமாகச் சொன்னார். கடைசியில், இருக்கிற இடத்திலேயே இருக்கிறீர்களா என்று அவள் வழக்கப்படி கேட்டபோது, "எங்கீங்க போறது, படுத்த எடம்தான்," என்றார்.

அன்று முதல் அவரே எடுத்தார். முதல் மணி முழுதாக அடிக்குமுன் எடுத்தார். ரயிலில் சிக்னலுக்குக் காத்திருந்து பழகிய கை. சாராள் பழையபடி கடிதங்களை முடித்தாள். பொன்னாத்தாளுக்குப் பதில் போயிற்று. இப்படியே ஓடிவிடும் என்று இருவரும் நம்பினார்கள்.

அம்புஜம் நேர்மையானவள். எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் தாமஸ் என்றே எழுதினாள். அடுத்த மாதக் கடைசியில் அரங்கசாமி கூட்டிப் பார்த்தபோது, தாமஸ் என்ற ஊழியர் எல்லா அழைப்பையும் முதல் மணியில் எடுத்து, ஒருமுறைகூட இடத்தைவிட்டு அகலாமல் முதலிடத்தில் இருந்தார். சாராள் என்ற ஊழியர் மாதம் முழுக்க ஓர் அழைப்பைக்கூட எடுக்கவில்லை.

ஒரே வேனில் இரண்டு கடிதங்கள் வந்தன. தாமஸுக்குப் பாராட்டு. சாராளுக்கு மெமோ. இந்தத் தவறு நீடித்தால் வீட்டிலிருந்து பணியாற்றும் சலுகை ரத்து செய்யப்படும் என்று அதில் இருந்தது.

மறுநாளே அவள் முக்காலியில் செம்பைப் பார்த்து வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறிக் கணபதிக்குப் போனாள். அரங்கசாமி எழுந்து நின்று வணங்கி, நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சரீங்க அம்மணி. போன் அடிக்கறப்போ நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

"லெட்டர் எழுதீட்டு இருந்தேங்க."

"அதுக்கு அத்தாட்சி?"

"எழுதுன லெட்டரெல்லாம் வேன்ல வந்துதுங்களே."

"அது லெட்டர் எழுதுனதுக்கு அத்தாட்சி. நேரத்துக்கு அத்தாட்சி ஆகாதில்லீங்க. சீக்கிரமா எழுதிப்போட்டு சும்மா உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தாமஸைப் பாருங்க. ஒரு லெட்டரும் எழுதுன மாதிரித் தெரியலை. ஆனா மனுசன் நேரத்தை வீணாக்கல."

தாமஸ் கம்பெனி ஆளே இல்லை, தன் வீட்டுக்காரர் என்று அவள் சொன்னாள். அரங்கசாமி கடிகாரத்தைத் துடைத்து யோசித்தார். அப்படியானால் பிரிவு தப்பாக எழுதியிருப்பதாக ஆகும். தன் சர்வீஸில் ஒரு பதிவும் தப்பியதில்லை. அதைவிட, ஒரே வீட்டில் இருவர் வேலை செய்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பொறாமை என்று எடுத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. இருந்தாலும் நியாயம் பார்க்க வேண்டும் என்று நேரடியாகப் பார்த்து எழுத ஓர் ஆளை அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். சாராளுக்கு உயிர் வந்தது. ஒருவர் நேரில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வந்தவர் சுப்பண்ணன். டி.வி.எஸ். ஃபிஃப்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, செருப்பை வாசலில் விட்டு, கொண்டுவந்திருந்த ஆப்பிள்களைக் கட்டிலில் வைத்து, உடம்பு முடியாதவரைப் பார்க்க வந்த ஒருவர் செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தார். பிறகு கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க சாராள் எழுந்தாள். அவர் குறித்தார். காபி போட எழுந்தாள். வேண்டாமுங்க என்று அவர் மறுத்தார். மறுப்பது முறை, மறுத்தபின் வற்புறுத்துவதும் முறை என்பதால் நின்று வற்புறுத்தினாள். வற்புறுத்திய நேரத்தையும் குறித்தார். மத்தியானம் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? ரசம் வைத்தாள், முட்டை பொரித்தாள். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் குறித்துக்கொண்டே சாப்பிட்டார். தாமஸுக்குக் கஞ்சி, மாத்திரை, படுக்கையில் வைக்கிற தட்டு என்று அவள் எழுந்த ஒவ்வொன்றும் ஏறியது. இடையிடையே ஓடிவந்து எழுதினாள். அவள் எழுதும்போது சுப்பண்ணன் தொந்தரவு செய்யக்கூடாது என்று திரும்பிக்கொண்டு தாமஸோடு பேசினார்.

பொழுது சாய்ந்து விடைபெறும்போது, எழுதியதை அவரே படித்துக் காட்டினார். தாமஸ்: நாள் முழுக்க இருப்பிடத்தை விட்டு எழவில்லை. சாப்பாட்டுக்கும் எழவில்லை. இயற்கை உபாதைக்கும் எழவில்லை. அழைப்புகள் அனைத்தும் முதல் மணி. சாராள்: நிலையாக உட்காரவில்லை.

"அண்ணா, அவருக்குக் கால் ஒடஞ்சிருக்குதுங்க," என்றாள் சாராள்.

சுப்பண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "தெரியுமுங்க அம்மணி. நான் கண்ணால பாத்தனே. ஆனா எந்திரிச்சாரா இல்லியான்னுதான் கேட்டிருக்காங்க. ஏன் எந்திரிக்கலேன்னு கேக்கலீங்களே. முட்டை நல்லா இருந்துதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க, வாரேனுங்க." ஆப்பிள்களை மறக்காமல் நறுக்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை அன்று விழா. ஃபாக்டரியில் லேத்துகளுக்கும் அச்சுகளுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். நேரக் காப்புப் பிரிவில் வரிசையாக இருந்த போன்களுக்கும் பொட்டு வைத்து, சுழற்றும் வட்டுகளில் பூச்செருகி, முன்னால் பொரி படைத்திருந்தார்கள். எலும்பு கூடவில்லை என்று தாமஸுக்கு மறுபடி கட்டுப் போட்டிருந்த சமயம். கடிதம் எடுக்கும் வேனை அனுப்பி, நாலு பேர் அவரைப் பெஞ்சோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். இருந்த இடத்தைவிட்டு எழாத ஊழியர் இருந்த வாக்கிலேயே மேடைக்கு வந்ததைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது.

ரவிதேஜா பேசினார். "அமெரிக்காவுல இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்லை. எந்திரிக்க மாட்டார். வெளியே போக மாட்டார். சாப்பாட்டுக்கு பிரேக் கிடையாது. நான் விசாரிச்சேன், சம்பளம்கூட இதுவரைக்கும் வாங்குனதில்லை. இந்தக் கம்பெனியில எல்லாரும் இவரை மாதிரி ஆயிட்டா நாம எங்கியோ போயிருவோம்."

வேலை எப்படி நடக்கும் என்று பெரியவர் நரசிம்மலு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நாதஸ்வரச் சத்தத்தில், சுண்ணாம்பு கேட்கிறார் என்று நினைத்து அந்த ஆள் டப்பியை நீட்டினார்.

தாமஸிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இரவெல்லாம் சாராளோடு பேசி முடிவு செய்து வந்திருந்தார். பெஞ்சில் படுத்தபடியே, ஒவ்வொரு சொல்லாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் இந்தக் கம்பெனியில வேலையே செய்யலீங்க. நான் ரயில்வேக்காரன். கால் ஒடஞ்சு படுத்திருக்கேன். வேலையெல்லாம் செய்யறது என் சம்சாரம் சாராளுங்க."

ரவிதேஜா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கை வாங்கி, "கேட்டீங்களா? செஞ்ச வேலையைத் தான் செய்யலேன்னு சொல்றார். சம்சாரத்தை விட்டுக்குடுக்காம பேசறார். இந்தத் தன்னடக்கத்தை எந்தப் படிப்புலயும் சொல்லித் தர முடியாது," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அரங்கசாமி அந்த நேரத்தையும் பார்த்துக்கொண்டார்.

பரிசு, பித்தளையில் வார்த்த ஒரு பம்ப்செட் பொம்மை. குழந்தை கனம் இருந்தது. அதைப் பரிசோதனை அழைப்பு வரும் போனுக்கு அருகில், கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்று விதி. வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் வைத்தார்கள். போனும் அதுவுமாக முக்காலி நிறைந்துவிட்டது.

உத்தரவு மறுநாள் வந்தது. வீட்டுச் சூழல் சாராளின் உட்காரும் திறனைப் பாதிப்பதால் அவள் இனிக் கணபதிக்கு வந்து பணியாற்ற வேண்டும். அவளுடைய பழைய சர்வீஸை மதித்து வேலையை விட்டு நீக்கவில்லை. நேரக் காப்புப் பிரிவில், அழைக்கும் இடத்தில் போடுகிறார்கள். தாமஸ் போத்தனூரிலேயே தொடர்வார். பிரிவின் மாதச் சராசரி அவரை நம்பித்தான் இருந்தது.

முதல் நாள் பஸ்ஸைத் தவறவிட்டால் கேட்டில் சங்கு ஊதிவிடும் என்று சாராள் விடிந்ததும் விடியாததுமாக ஓடினாள். பக்கத்து வீட்டு ஜோஸ்லினை மத்தியானம் ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். ஸ்டோர் ரூமில் வரிசையாக எல்லாரும் ஏனுங்க, சௌக்கியமுங்களா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு சாக்கை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் பிரிக்காத கடிதங்கள் இருந்தன. மேலாக இருந்த கார்டில் பொன்னாத்தாளின் பெயர் தெரிந்தது. ஃபுட் வால்வை மாற்ற ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பாள். சாராள் குனிந்து அதை எடுக்கப் போனாள். அது இப்போது தங்கள் பிரிவு வேலை அல்ல என்று அம்புஜம் மெதுவாக நினைவூட்டி, அவளுக்கு ஒதுக்கிய எண்ணைத் தாளில் காட்டினாள். போத்தனூர் எண். அவளுடைய வீடு.

சாராள் வட்டைச் சுழற்றினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சௌக்கியமுங்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்க வேண்டும்.

"சௌக்கியம். நீ போய்ச் சேந்தியா?"

"சேந்துட்டேங்க. கால் எப்படி இருக்குது? கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"மாத்திரை?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"மாத்திரை கையிலதான் இருக்குது சாரா. செம்பு எடது பக்கம் இருக்குது."

அவளுக்கு நினைவு வந்தது. முக்காலியில் பித்தளைப் பம்ப்செட் இருந்தது. இடமில்லாமல், பஸ் அவசரத்தில், செம்பைக் கட்டிலின் மறுபக்கம் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"யாராச்சும் ஜன்னல் பக்கம் போனா கூப்பிடுங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். மத்தியானம் ஜோஸ்லின் வருவாங்கல்ல. நீ போனை வை, அங்க ஏதாச்சும் சொல்லப் போறாங்க."

அரங்கசாமி பின்னால் வந்து நின்றிருந்தார். எழுதுங்க அம்மணி என்று கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். இருப்பிடத்தை விட்டு எழுந்தாரா என்று அதில் அச்சடித்திருந்தது. சாராள் பேனாவைத் திறந்து, இல்லை என்று எழுதினாள்.

அரங்கசாமி குனிந்து அதைப் படித்துவிட்டு, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா. மனுசன்னா இப்படி இருக்கோணும்."